சிவப்புக் குறி போட்ட பள்ளிக்கூடம்

— முடியாது தசியோ. நூறு தடவை என் வீட்டு வாசல்ல வந்து கேட்டாலும் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹால் சாவியைத் தர மாட்டேன்.

— ஏன் டீச்சர்? ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனதும் கடற்கரைக்காரங்க கண்ணுக்குத் தெரியலையா? நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்புல குப்பை கொட்டினவங்கதானே?

— குத்திப் பேசாதே. எஞ்சினியர் வந்து சுவத்துல சிவப்புக் குறி போட்டதைப் பார்த்தேல்ல? உத்திரத்தைக் கரையான் தின்னுருச்சு. சாதா மழைக்கே தாங்காது, இது புயல்.

— ரெண்டு மணி நேரத்துல கரையைத் தொடும்னு மணிலா ரேடியோவுல சொல்லிட்டான். படகையெல்லாம் தென்னை மரத்துல கட்டியாச்சு. மனுஷங்களை எதுல கட்ட?

— ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா புயல் பாதுகாப்பு மையம் கட்டியிருக்காங்களே!

— காலையிலேயே பாலம் முங்கிருச்சு. நீச்சலடிச்சா போறது?

— ஐயோ... எனக்கு யாரும் சொல்லலையே.

— குழந்தை யேசு சத்தியமா, போக்கிடம் இல்ல எர்மினா. இதைக் கட்டும்போது வீட்டுக்கு ஒருத்தர் கடல்லேர்ந்து பவளப்பாறைக் கல் சுமந்தாங்க. மீன் பிடிக்கிறவன் பிள்ளை சம்பளம் கட்டாம ஹைஸ்கூல் படிச்சது இந்தப் பக்கத்துலேயே இங்கதான் முதல்ல. ஜப்பான்காரன் வந்தப்ப இதுதான் ஆஸ்பத்திரி. எந்தப் புயலுக்கு நாம வேற எங்க ஓடினோம்? என் மூத்தவ பிறந்ததே பத்தாம் வகுப்பு பெஞ்சு மேல.

— தெரியும். அன்னைக்கு டார்ச் பிடிச்சது யாரு, நான்தானே? அவ தலையில அந்த உத்திரம் விழணுமா, சொல்லு. மூணு வருஷமா ரிப்பேருக்கு எழுதி எழுதிக் கை தேஞ்சு போச்சு. கடைசியில வந்தது பூட்டுதான்.

— மேலதிகாரிங்க யாருக்காவது போன் போட்டியா?

— காலையிலேர்ந்து போடறேன். மணி அடிக்குது, எடுக்க ஆள் இல்ல.

— அப்ப நீயே முடிவு பண்ணு.

— என்னத்தை முடிவு பண்ண? திறந்தா கூரை கொல்லும், திறக்காட்டி கடல் கொல்லும். எதுக்குத் தசியோ இதை என் தலையில போடற? ...சரி, எத்தனை பேரைக் கூட்டிட்டு வரப்போற?

— கோவிச்சுக்காதே. சொன்னா போலீஸைக் கூப்பிட்டு வெளிய தள்ளிருவியோன்னு பயந்தேன்.

— எதைச் சொன்னா?

— மத்தியானமே ஹால் பின் ஜன்னலை உடைச்சு இருநூறு பேர் உள்ள ஏறியாச்சு. நான் சாவி கேட்டது உள்ள போறதுக்கு இல்ல எர்மினா. கூரை இறங்கினா வெளிய ஓடறதுக்கு.