எதிர்வீட்டுக் கீதா

முதல் வாரத்தில் பாடம் எதுவும் நடத்தக் கூடாது சார். ஆன்லைன் வகுப்பு எடுக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். பிள்ளைகள் சேர்ந்த மறுநாளே முதல் பாடத்தை மெயிலில் அனுப்பிவிடுவார்கள். அது யாரும் ஏறாத பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேலை. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன். விட்டுப்போனால் கேளுங்கள், திரும்பச் சொல்வதில் எனக்குச் சலிப்பே கிடையாது.

நான் நடத்துவது கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடும் ஆறு மாதப் படிப்பு. சென்னையில் ஒரு கம்பெனி பாடத்தை சி.டி.யில் தயாரித்துத் தருகிறது, சான்றிதழும் அவர்களே தருவார்கள். பிள்ளைகளோடு பேசுவது, சந்தேகம் தீர்ப்பது, போட்டு அனுப்பும் டிசைனைத் திருத்துவது எல்லாம் என் பொறுப்பு. நான் ஆரணியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் தெள்ளாரிலும் தேசூரிலும் பெரணமல்லூரிலும் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து பேசிக்கொள்ள ஒரு மெயில் குழு உண்டு, தனியாகப் பேச சாட் உண்டு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். பழகிவிட்டால் அதுவும் தமிழாகத்தான் கேட்கும்.

2006-இல் எடுத்த முதல் பேட்ச் முழுக்கப் போய்விட்டது. யாரும் சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. ஒருவர் பின் ஒருவராக மெயில் வருவது நின்றது, அவ்வளவுதான். நான் நன்றாகத்தான் நடத்தினேன். அப்புறம் ஏன் போனார்கள் என்று யோசித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பையன் ஒரு நாள் வராவிட்டால் வாத்தியாரா தேடுகிறார்? பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவன்தான், "ஏன்டா நேத்து வரல?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிறார்கள். என் வகுப்பில் பெஞ்ச் இல்லை. அதை நான்தான் செய்தாக வேண்டும் என்று புரிந்தது.

அதனால் 2007 பேட்ச்சுக்கு முதல் வாரம் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். பெயர், ஊர் மட்டும் போதாது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைக் குழுவில் எழுதுங்கள் என்றேன். ஒருவரும் எழுதவில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் பசிதான், ஆனால் முதல் கவளத்தை யாராவது ஒருவர் எடுக்க வேண்டும். அப்படி ஒருத்தி தேவைப்பட்டாள். கீதா வந்தது அப்படித்தான்.

இன்னொரு மெயில் முகவரி உண்டாக்க அதிக நேரம் ஆகாது. "என் பேரு கீதா. ஆரணி. அப்பா அம்மா இல்ல, சித்தப்பா வீட்ல இருக்கேன். பட்டு நெய்யறேன். நான் படிக்கிறது வீட்ல யாருக்கும் தெரியாது. டைப்பிங்ல தப்பு வந்தா சிரிக்காதீங்க." அவ்வளவுதான் எழுதினேன். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் குழு நிறைந்துவிட்டது. கடன்காரனுக்குப் பயந்து ஊர் மாறியதை ஒருத்தர் எழுதினார், காதலித்துத் தோற்றதை ஒருத்தர் எழுதினார். நான் படித்துவிட்டு அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்தேன். ஒரு இயந்திரம் முதல் தடவை ஓடும்போது வருகிற சந்தோஷம் அது.

குப்புராஜ் எழுதியதும் அன்றைக்குத்தான். தெள்ளார்ப் பக்கம், பவர்லூமில் வேலை. அவனுடைய அப்பா தினமும் அம்மாவை அடிப்பாராம். ஒரு நாள் இவன் அப்பாவின் மணிக்கட்டை வாசற்படியில் வைத்து மிதித்துவிட்டான். அவர் அதன் பிறகு தறியில் உட்காரவே இல்லை. "அதுக்கு நான் வருத்தப்படல" என்று முடித்திருந்தான். மற்றவர்கள் எழுதியதை ஒரு தடவை படித்தேன். இவனுடையதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். இவன் பாதியில் விட்டுப்போகிற ஆள் இல்லை என்று நினைத்தேன்.

கீதாவுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. கற்பனையில் இருந்து வர்ணித்தால் இன்றைக்கு ஒன்று சொல்வோம், நாளைக்கு ஒன்று சொல்வோம். அதனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்து எழுதினேன். எதிரே சக்கரவர்த்தியின் வீடு. பச்சை கேட், வாசலில் கிணறு, பக்கவாட்டில் நீளமான தறிக்கூடம். அவர் மதியம் சாப்பிட்டுவிட்டு வாசலில் ஈஸிசேர் போட்டுப் படுப்பார், நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே ரேடியோ கேட்பார். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்த வீட்டில் கீதா என்று யாரும் கிடையாது. மற்றதெல்லாம் உண்மை.

ஒரு தவறு செய்தேன். நான் பெரணமல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். டிசைன் தெரியும், தறி தெரியும், ஆனால் நெசவு வீட்டில் பிறந்தவன் இல்லை. ஒரு நாள் கீதா குழுவில், "காலையில இருந்து தறியிலயே உக்காந்துகினு இருந்தேன், முதுகு விட்டுப்போச்சு" என்று எழுதினாள். உடனே குப்புராஜ் தனியாக சாட்டில் வந்தான்.

"இன்னிக்கு அமாவாசை. இன்னிக்குமா உன்ன நெய்ய சொல்றாங்க?"

எழுந்து ஜன்னலைத் திறந்தேன். தெரு முழுக்க ஒரு தறிச் சத்தம் இல்லை. அமாவாசையன்று இந்த ஊரில் எந்த நெசவாளியும் தறியைத் தொட மாட்டார். அத்தனை வருஷம் அந்தத் தெருவில் இருந்துவிட்டு இதை மறந்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் பொய் பிடிபட்டது என்று நினைப்பார்கள். ஆனால் குப்புராஜும் நெசவு வீட்டுப் பையன். ஒருத்தி தன் தறியைப் பற்றிப் பொய் சொல்லுவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளை யாரோ கொடுமைப்படுத்துகிறார்கள் என்றுதான் தோன்றியது.

தேதி மறந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். எழுதவும் ஆரம்பித்தேன். பிறகு அழித்துவிட்டு, "அத மட்டும் கேக்காதீங்க" என்று அடித்தேன்.

அன்றைக்கு அவன் சென்டரை மூடும் வரைக்கும் இருந்தான். அதற்கப்புறம் ஒரு பாடம்கூட அவன் தவறவிடவில்லை. கொடுமைக்காரச் சித்தப்பாவை நான் கண்டுபிடித்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் சார். அவரைக் கண்டுபிடித்தது குப்புராஜ். "அடிப்பாரா?" என்று அவன் கேட்பான், கீதா பதில் சொல்லாமல் இருப்பாள். "சாப்பாடு போடறாங்களா?" என்பான், அவள் பேச்சை மாற்றுவாள். அவனுடைய அம்மா எப்படி மழுப்புவாள் என்று முதல் வாரமே அவன் எழுதியிருந்தான். நான் அதைத்தான் செய்தேன்.

சக்கரவர்த்தி மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் கிண்டல்காரர். டீக்கடையில் என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வாங்க சிவப்பிரகாசம் சார், இன்னிக்கு கம்ப்யூட்டர் எத்தன புடவ நெய்ஞ்சிது?" என்பார். "மூஞ்சியே தெரியாத புள்ளைங்களுக்கு வாத்தியாராம்பா. நாளைக்கு அதுங்க ரோட்ல மோதினாகூட சாருக்கு அடையாளம் தெரியாது." கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். தனகோடி என்று ஒரு பையன், அவருடைய தறிக்கூடத்தில் வேலை செய்கிறவரின் மகன், என் வகுப்பில் இருந்தான். நல்ல கை. அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டு, "எதுக்குய்யா இந்த பேஜாரு? ஜல்தியா பையன தறியில உக்கார வெய்யி" என்று இவர் சொன்னார். மறுவாரம் தனகோடி வருவது நின்றுபோனது. அந்த பேட்ச்சில் விட்டுப்போனவன் அவன் ஒருத்தன்தான். இதை அவர் மேல் கோபத்துக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

தனகோடி போன பிறகுதான் கீதா கொஞ்சம் அதிகமாகப் பேச ஆரம்பித்தாள். சித்தப்பாவுக்கு நான் படிப்பது தெரிந்துவிட்டது என்றாள். கையில் சூடு வைத்தார் என்றாள். குப்புராஜ் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று எழுதினான். அம்மாவிடம் சொல்லிவிட்டானாம், அம்மா ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாராம். தெருப் பெயர் மட்டும் சொல்லு, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினான். ரொம்ப நாள் அவள் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்.

ஜக்கார்டு பெட்டி பார்த்திருக்கிறீர்களா சார்? தறிக்கு மேலே இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுற்றிவரும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதோடு சேர்ந்த இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி முட்டி நின்றுவிடும், இழை கீழேயே கிடக்கும். நெய்கிறவர் காலால் மிதிக்க மட்டும் செய்கிறார். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை எங்கேயோ உட்கார்ந்து அட்டையில் ஓட்டை போட்டவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான். ஆனாலும் அவனை யாரும் நெசவாளி என்று சொல்வதில்லை.

குப்புராஜ் வந்தால் என்ன நடக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டைத் தட்டுவான். கீதா எங்கே என்று கேட்பான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சக்கரவர்த்தி சொல்வார். அது உண்மை. பையன் குழம்பித் திரும்பிப் போய்விடுவான். அதற்குப் பிறகு என் வகுப்புக்கு வருவானா? கீதாவை நம்புவானா? எல்லாம் அந்த ஒரு பதிலில் அறுந்துவிடும். அதனால் கீதா முந்தின நாளே எழுதிவிட்டாள்: "அமாவாசை மத்தியானம் வாங்க. தறி ஓடாது, எல்லாரும் கோயிலுக்கு போயிடுவாங்க, அவரு மட்டும்தான் இருப்பாரு. கீதான்னு யாருமே இல்லன்னு சொல்லுவாரு. சிரிப்பாரு. அப்படி சொன்னா என்ன உள்ள வெச்சி பூட்டிட்டாருன்னு புரிஞ்சிக்கோங்க. எங்கம்மாவையும் இப்படித்தான் பூட்டி வெச்சிட்டு இல்லன்னு சொன்னாரு, அப்பறம் அவங்க உயிரோட வெளிய வரல."

கடைசி வரியை எழுதும்போது குப்புராஜின் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அது வேலை செய்யும் என்று தெரியும்.

அன்றைக்கு ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தேன். நீல சட்டை போட்ட ஒரு பையன் கையில் துணிப் பையோடு வந்து பச்சை கேட்டுக்கு எதிரே நின்றான். பைக்குள்ளிருந்து ஒரு புடவையின் கரை வெளியே தெரிந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த பேட்ச்சில் வெளியூர்ப் பிள்ளைகளில் நான் நேரில் பார்த்த முதல் மாணவன் அவன்தான். மெயிலில் பெரிய ஆள் மாதிரி இருப்பான், நேரில் ஒல்லியாக இருந்தான். கீழே இறங்கிப் போய், நான்தான் உன் வாத்தியார் என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்.

சக்கரவர்த்தி ஈஸிசேரில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. "கீதாவா? அப்படி யாரும் இல்லியே தம்பி. எந்த ஊரு நீ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் யாரிடமும் சிரித்துக்கொண்டுதான் பேசுவார். பையன் தறிக்கூடத்துக் கதவைப் பார்த்தான். விடுமுறை நாள், பூட்டியிருந்தது. "சாவிய குடு" என்றான். நான் ஜன்னலைச் சாத்தினேன். குழுவில் பெரணமல்லூர்ப் பெண் ஒருத்தி பார்டர் கட்டம் பற்றிச் சந்தேகம் கேட்டிருந்தாள். அதற்கு விளக்கமாகப் பதில் எழுதினேன். நேரம் பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் சக்கரவர்த்தியின் மனைவி பரிமளா என்னிடம் வந்தார். "எதிர்ல இருந்தீங்களே சார், ஒரு சத்தம்கூட கேக்கலையா உங்களுக்கு? தண்ணி கேட்டிருப்பாரே" என்றார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குப்புராஜின் கையால் நடந்தாலும் குற்றம் அவனுடையது இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். குப்புராஜ் லாக்கப்பில் எதுவும் சாப்பிடாமல், கீதாவை யாராவது கதவு திறந்து வெளியே விட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றீர்கள். அவனிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள் சார். எனக்கு ஒரு பத்து நிமிஷம் கம்ப்யூட்டர் கொடுங்கள். பத்திரமாக இருக்கிறேன், சாப்பிடுங்க என்று அவளை எழுதச் சொல்கிறேன். இந்த நேரத்தில் அவளும் பயந்துபோய்த்தான் இருப்பாள். அவளுக்கு அவனை விட்டால் யாரும் இல்லை.