கள்ளன் சொன்ன நன்றி

பின்னேர நிலாவெளி பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குத் துறைமுக வீதியில் ஏறிய எனக்கு எப்படியோ ஒரு சீற் கிடைத்தது. முன் சீற்றில் இரண்டு பெண்கள், ஒரே நிறச் சீலை. கழுத்தில் வங்கி அட்டை இன்னும் தொங்கியது. யன்னல் பக்கம் இருந்தவர் கண்ணை மூடியபடி சொன்னார்:

“அவன் நன்றி சொன்ன பிறகுதான் கள்ளன் எண்டு எனக்கு விளங்கினது.”

“எந்தக் கள்ளன் அக்கா?”

“இண்டைக்கு வங்கிக்குப் போன் எடுத்துக் கதைச்சவன். அச்சொட்டா எங்கட மனேஜரின்ர குரல். அந்த இருமல்கூடச் சரி. இப்ப கொம்பியூட்டரில ஆற்றை குரலையும் அப்பிடியே செய்யிறாங்களாம். அவசரமா ஒரு கணக்குக்குக் காசு மாத்தச் சொன்னான்.”

“ஐயோ, மாத்திப்போட்டீங்களோ?”

“பாஸ்வேர்ட் அடிக்கப் போனனான். அப்ப சொல்லுறான், ‘பிள்ளை, களைச்சுப் போயிருப்பீங்கள். கரைச்சலுக்குக் குறை நினைக்காதேங்கோ, நன்றி’ எண்டு. இத்தனை வருஷத்தில எங்கட ஆள் ஒருநாளும் அப்பிடிக் கதைச்சதில்லை. கை அப்பிடியே நிண்டிட்டுது.”

“மனேஜரிட்டச் சொன்னனீங்களோ?”

“ஓம். குரலைக் கேட்டவுடனை விளங்கேல்லையோ எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசினார்.”

மற்றவர் சிரித்தார். யன்னல் பக்கம் இருந்தவர் சிரிக்கவில்லை. பஸ் உப்புவெளியைத் தாண்டியது.

“நல்லகாலம் அக்கா, உடனை போனை வைச்சிட்டீங்கள்.”

“எங்க வைச்சனான்? இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும் எண்டு கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்.”