அண்ணாந்து பார்க்கிற முகம்

அந்த நாற்காலி வேணாம் அக்கா, அதுக்கு ஒரு கால் ஆடும். போன தடவை என்னையே கவுக்கப் பார்த்துச்சு. இப்படி என் பக்கத்துல வந்து உட்காருங்க. பையை மடியில வச்சுக்கோங்க, தரையெல்லாம் தண்ணி. பின்ன? ஸ்கேனுக்கு வர்றவங்களுக்கெல்லாம் வயிறு முட்டத் தண்ணியைக் குடுத்துட்டு, பாத்ரூம் சாவியை மட்டும் மேஜைக்குள்ள பூட்டி வச்சுக்கறாங்க. என்ன நிர்வாகமோ.

அங்க நடக்கறது உங்க மருமகளா? நல்லா நடக்கட்டும். முகம் களையா இருக்கு.

நானா? என் பொண்ணு உள்ள இருக்கா, மாப்பிள்ளையோட. அஞ்சாம் மாசம், தலைச்சன். குழந்தைக்குக் கழுத்துல பெரிய கோளாறுன்னு சொல்லியிருக்காங்க. அட, நீங்க ஏன் முகத்தை அப்படி வச்சுக்கறீங்க? உங்க வீட்டுக்கு ஒண்ணும் வராது. ரொம்ப அபூர்வமாம் இது. அபூர்வம்னா நாம நல்லதுக்குத்தானே சொல்லுவோம்? இங்க இருக்கற டாக்டரம்மா இதுக்குப் போய் சொன்னாங்க. வியாதி பேரு வாயில நுழையல. கான்வென்ட்ல படிச்ச எனக்கே நுழையலன்னா பார்த்துக்கோங்க.

இருங்க, போன்ல படம் இருக்கு. மூணாம் மாசத்துல எடுத்தது. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க. இது தலை, இது வயிறு. முகம் மேல பார்த்துட்டு இருக்குல்ல, அண்ணாந்து? குழந்தை வாகா படுக்கல, அடுத்த தடவை சரியாப் பார்க்கலாம்னு அன்னிக்கு விட்டுட்டாங்க. நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? சிரிச்சோம். மழை வருதான்னு பார்க்குது போலன்னார் மாப்பிள்ளை. நான் சும்மா இருப்பேனா? பேரனோ பேத்தியோ, என்னை மாதிரி, எவனுக்கும் தலை குனியாதுன்னேன். ஸ்கூல்ல சிஸ்டருங்க, மோவாயைக் கீழ இறக்குன்னு சொல்லிச் சொல்லியே ஓய்ஞ்சு போனாங்க. புகுந்த வீட்டுலயும் அதே பேருதான், திமிர் பிடிச்சவ. அதனால இந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியல. தங்கச்சிக்கு அனுப்பினேன், நாத்தனாருக்கு அனுப்பினேன், மாடி வீட்டம்மாவை வாசல்ல நிறுத்திக் காட்டினேன். அப்படியே உன் ஜாடைன்னாங்க எல்லாரும். எனக்கு வாயெல்லாம் பல்லு.

அப்புறம்தான் பெரிய ஸ்கேன். இங்க ஸ்கேன் பண்ற பொண்ணு லொடலொடன்னு பேசும், இது கை, இது பாதம்னு. அன்னிக்குப் பேசிட்டே இருந்தது சட்டுன்னு நின்னு போச்சு. கையில வச்சிருக்கற கருவியை வயித்துல ஒரே இடத்துல அழுத்தி அழுத்திப் பார்க்குது. அப்புறம் எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்துச்சு. அவங்கதான் சொன்னாங்க. குழந்தை அண்ணாந்து பார்க்கலயாம் அக்கா. அதால குனியவே முடியாதாம். கழுத்துன்னு ஒண்ணு உருவாகவே இல்ல. தலை பின்னால சாஞ்சு முதுகோட ஒட்டிப் போயிருக்கு. முதுகெலும்பும் மூடல.

மாத்திரையா? போட்டாளே. கல்யாணமானதுலேர்ந்து முதுகெலும்புக்குன்னு குடுக்கற அந்த ஃபோலிக் மாத்திரையை ஒரு நாள் விடல. கோவமில்ல, நீங்க மட்டுமா கேக்கறீங்க? சம்பந்தியம்மா போன் பண்ணி, உங்க பக்கத்துல யாருக்காவது இப்படின்னு இழுத்தாங்க. எங்க பக்கத்துக் கழுத்தையெல்லாம் கல்யாணத்தன்னிக்கே நகையோட உத்து உத்துப் பார்த்தீங்களே, ஏதாவது குறை தெரிஞ்சுதான்னு கேட்டேன். அப்புறம் பார்த்தா போன்ல அழற சத்தம். அவங்களுக்கும் இதுதானே முதல் பேரக்குழந்தை.

யார் மேலயும் தப்பில்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதுதான் எனக்குத் தாங்கல. கரண்ட் போனா ஆபீசுக்குப் போன் போட்டுக் கிழிப்பேன். காய்கறி சொத்தைன்னா கடைக்கே போய் அவன் முன்னால கொட்டிட்டு வருவேன். இந்த வாயை வச்சுத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். இப்ப திட்டறதுக்கு ஒரு ஆள் இல்ல.

வேற டாக்டரா? பார்க்காம விடுவோமா. பெரிய ஆஸ்பத்திரில தலை நரைச்ச ஒருத்தர், படம் வரைஞ்சு பொறுமையா விளக்கினார். பிறந்தாலும் தங்காதாம். நாளாக ஆக இவளுக்கும் ஆபத்தாம். எல்லாத்தையும் கேட்டுட்டு என் பொண்ணு வீட்டுக்கு வந்தா. என் மடியில தலையை வச்சுக்கிட்டு, அம்மா, நீ சொல்லு, நீ சொல்றபடி செய்யறேன்னா. நான் நீலத்தைக் காட்டினா பச்சையை எடுக்கறவ அக்கா. நான் வேணாம்னு சொன்ன படிப்பைத்தான் படிச்சா. வாழ்க்கையில முதல் தடவையா நீ சொல்லுங்கறா. அவ தலைமுடியைக் கோதிக் கோதி விட்டுட்டே உட்கார்ந்திருந்தேன். கடைசில அவளும் மாப்பிள்ளையும்தான் பேசி, எடுத்துடலாம்னு முடிவு பண்ணாங்க.

இல்ல, இன்னிக்கு ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் தெரியப் போறதில்ல. எந்த டாக்டரும் எழுதிக் குடுக்கவும் இல்ல. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில சேர்றா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கறேன்னா, அவ்வளவுதான். அந்த லொடலொட பொண்ணுதான், சாப்பாட்டு நேரத்துல வாங்கக்கா, அவசரமில்லாம பார்க்கலாம்னுச்சு. அது சாப்பிடாம நிக்குது பாவம்.

என்னையும் உள்ள கூப்பிட்டாங்க. போனேனே. குழந்தை கையை ஆட்டுதும்மா, பாரும்மாங்கறா. குடும்பத்துக்காரங்க பார்க்கறதுக்குன்னு டிவியைச் செவுத்துல உசரத்துல மாட்டியிருக்காங்க. தலையை நிமிர்த்தினாத்தான் தெரியும். எனக்கு நிமிரல அக்கா. கட்டில் காலையே பார்த்துட்டு நின்னேன். தண்ணி குடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டு இங்க வந்து உட்கார்ந்துட்டேன்.

தோ, உங்க மருமகளைக் கூப்பிடறாங்க. பக்கத்து ரூமுக்குத்தான். எழுந்திருங்க, பையை நான் பார்த்துக்கறேன். உள்ள டிவி மேலதான் இருக்கும், நல்லா அண்ணாந்து பாருங்க.