குளிர்கிடங்கின் அபாய மணி

பிரிண்டரில் காகிதம் தீர்ந்துபோவது எந்த ஆபீசிலும் நடப்பதுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

1985இல் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு மீன் குளிர்கிடங்கில் நான் பாதுகாப்புப் பொறியாளர். குளிரூட்டப் பயன்படும் அமோனியா வாயு கசிந்தால் அபாய மணி அடிக்க ஒரு கணினி வாங்கினோம். அதற்கென்றே மென்பொருள் எழுதச் சொன்னால் ஒரு வருடமாகும். கடையில் தயாராகக் கிடைத்த ஒன்றை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வெப்பநிலையைப் பிரிண்டரில் அச்சிட்டுக் குறித்துவைக்க எழுதப்பட்டது அது. முந்நூறு இடங்களில் ஓடுகிறது, ஒரு புகாரும் இல்லை என்றார்கள். உயிர் காக்கும் வேலைக்கு அது தாங்குமா என்று சோதித்துக் கையெழுத்திடும் பொறுப்பும் எனக்கே இருந்தது.

மூன்றாம் நாள் சோதனையில் பிரிண்டரில் காகிதம் தீர்ந்தது. கணினி காகிதத்துக்காகக் காத்து நின்றது. கசிவை உணரும் கருவியிடம் வாயுவைக் காட்டினேன், மணி அடிக்கவில்லை. காகிதம் போட்ட பிறகுதான் அடித்தது.

நாற்பது சோதனைகளில் முப்பத்தொன்பதை அறிக்கையில் எழுதினேன். மிச்சமிருந்த ஒன்றையும் எழுதியிருந்தால் என் தேர்வு தவறென்று ஆகியிருக்கும்.

கண்காணிப்பு அறையில் உட்கார்ந்திருந்தவன் என் மனைவி பிரிஜட்டின் தம்பி இஞ்ஞாசி. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை குழாயில் கசிவு தொடங்கியது. காகிதம் தீர்ந்திருந்தது. மணி அடித்திருந்தால் எல்லாரும் வெளியே வந்திருப்பார்கள். அரைமணி நேரத்தில் குழாய் வெடித்தது. உள்ளே தொழிலாளிகள் தனசேகரனும் இன்னொருவரும் இருந்தார்கள். அலறல் கேட்டு அவர்களை இழுத்துவர ஓடிய இஞ்ஞாசியும் திரும்பவில்லை.

காகிதம் தீராமல் பார்த்துக்கொள்ளும்படி இஞ்ஞாசியிடம் சொல்லியிருந்தேன், அது அன்றாடப் பராமரிப்பு, அறிக்கையில் வரும் விஷயமல்ல என்று விசாரணையில் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் பிரிஜட் கேட்டாள். "உண்மையிலேயே அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் லா. மறந்துட்டான் போல."

"சின்ன வயசுலேருந்தே அவனுக்கு மறதிதான்," என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஜாலான் புசார் பகுதியில் தனசேகரனின் மனைவி லீலாவைப் பார்க்கப் போகிறாள். முதல் இரண்டு மாதம் லீலா கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் திறந்தாள்.

"என் தம்பிய மன்னிச்சிடுங்கக்கா."

"நீங்க வாங்க, உட்காருங்க. அவன் பேர மட்டும் இங்க சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் பிரிஜட் தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

இஞ்ஞாசியிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வார்த்தைகூட. இப்போது உண்மையைச் சொன்னால் பிரிஜட் தாங்கமாட்டாள். அதனால்தான் அவளைத் தனியே விடாமல், லீலா வீட்டுக்கு நானும் கூடவே போகிறேன். இதுவரை ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.