வட்டத்தோடு நின்றுபோன படம்

“வட்டத்தைக் கீறின கையோடை செத்துப்போகுதடி.”

சுன்னாகம் போகும் மினிபஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீற்றில் ஒருத்தி இப்படிச் சொன்னதும், முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் மடியில் கொப்பி இருந்தது. அருகில் குடையோடு அவளுடைய சிநேகிதி. செத்தது கொம்பியூட்டர் வகுப்பில் அவள் எழுதிய புரோகிராம் என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“புரோகிராம் எழுதிற எடிற்றருக்குள்ளை வைச்சோ ஓடவிட்டனி?” என்றாள் குடைக்காரி.

“ஓம். வெளியிலை எடுத்தும் ஓடவிட்டுப் பாத்தன். அங்கையும் அப்பிடியே நிக்குது.”

“அப்ப எடிற்றரிலை பிழையில்லை. கொப்பியைக் காட்டு.”

குடைக்காரியின் விரல் கொப்பியில் எழுதியிருந்த புரோகிராமின் கடைசி வரியில் போய் நின்றது.

“ஒரு கீ அமத்தும்வரைக்கும் நில் எண்டெல்லோ இதிலை எழுதியிருக்கு. அமத்தினனியோ?”

“படம் ஓடேக்கை ஒருத்தரும் கீபோட்டைத் தொடக்கூடாதெண்டு மாஸ்ரர் சொன்னவர்.”

“அதுக்கு?”

“எங்கடை வகுப்பு ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தனாங்கள். பிறகு மாஸ்ரர் வந்து மெயின் சுவிச்சை நிப்பாட்டினவர். மூண்டு நாளா இதுதான் கதை. இண்டைக்குள்ளை சரிவராட்டி, நாளைக்குக் கண்காட்சியிலை எங்கடை படம் இல்லையாம்.”

“அது சாகேல்லையடி. நீங்கள் அமத்துவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கு.”

அவள் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினாள்.

“அண்ணை, இறக்கம்!”

“இது இணுவில். சுன்னாகமெல்லோ எண்டனீங்கள்?” என்றார் கொண்டக்ரர்.

“திரும்பிப் போறன் அண்ணை. அங்கை ஒண்டு மூண்டு நாளா எனக்காகக் காத்துக்கொண்டு நிக்குது.”

முன்னால் இருந்தவர் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்.