மாப்பிள்ளையைக் கடத்தியதாக வந்த புகார்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் காவலர் எழுதிக்கொண்டார். வயது ஐம்பத்திரண்டு. தொழில் கால்நடை மருத்துவம். மார்க்கெட் தெருவில் மருந்துக்கடை மாடியில் கிளினிக் வைத்து, நாய், பூனை, கிளி, முயல் என்று படியேறி வருகிற எல்லாவற்றையும் பார்த்து வருகிறேன். யாருடைய மிரட்டலும் இல்லாமல் சுயநினைவோடு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். புகாரில் கண்ட மாப்பிள்ளையை எனக்குக் குட்டியிலிருந்தே தெரியும். அவன் ஒரு பூனை.

அவன் என் கிளினிக்குக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் அண்ணனுடைய பூனை. அண்ணனுக்கு மனைவி இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவளைப் போலவே இளையவளும் கல்யாணப் பேச்சே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியூர் வேலைக்குப் போன அன்று, கடை வாசலில் நனைந்துகொண்டு நின்ற குட்டியை அண்ணன் தூக்கித் துடைத்து, "சரி, இனிமே இவன்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை" என்று வைத்த பெயர் அது. பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டான், புதுத் துணி மேல்தான் படுப்பான், சாப்பாடு தாமதமானால் முறைப்பான்.

சென்ற திங்கட்கிழமை காலை நான் கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தபோது டெய்லர் அண்ணன் கழுத்தில் அளவு நாடாவோடு செருப்பில்லாமல் ஓடிவந்தார். கூடையில் மாப்பிள்ளை எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு நான் அவன் வாயைத் திறந்து பார்த்ததில் நாக்குக்கு அடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அதன் பிறகு எக்ஸ்ரே எடுத்ததில், நூலின் மறுமுனையில் இருந்த தையல் ஊசி உணவுக்குழாயில், இதயத்துக்குப் பக்கத்தில், கூர்முனை மேலே பார்த்தபடி குத்தி நின்றது. நூலைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். இழுத்தால் ஊசி இன்னும் உள்ளே ஏறும் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என்னிடம் அதை எடுக்கும் கருவி கிடையாது. அது இருப்பது ஆற்றுப்பாலத்துக்கு அந்தப்பக்கம் பெரிய விலங்கு மருத்துவமனையில் உள்ள சிறப்பு மருத்துவரிடம். அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், அதனால் அவன் இவன் என்றே சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளலாம். தொண்டை வழியாகக் கேமரா குழாயை விட்டு வேலை செய்வதில் அவன் கெட்டிக்காரன். பார்க்கும்போதெல்லாம் சண்டை போடுவோம். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் பிடிவாதம் உண்டு: சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கை கழுவுகிற வேலை எங்களிடம் கிடையாது. அனுப்புகிறவர் கூடவே போகவேண்டும், முடியாவிட்டால் வேலை முடியும்வரை போனில் இருக்கவேண்டும்.

அதன்படி எக்ஸ்ரே படத்தை அவனுக்குப் போனில் அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை காலால் நூலைப் பிறாண்டாமல் இருக்க லேசாக மயக்க ஊசி போட்டு, கூடையோடு அண்ணனைப் பின்சீட்டில் உட்காரவைத்து என் காரில் கிளம்பினேன். என் காரில் ஏசி வேலை செய்யாது, நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தது. வழியில் அண்ணன் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "டாக்டரம்மா, பொண்ணுங்க தினம் போன் பண்றதே இவனை விசாரிக்கத்தான். இவன் போயிட்டா என்னத்தக் கேட்டு எனக்குப் போன் பண்ணுவாங்க?" நான் முன்னால் போன லாரிக்கு ஹாரன் அடித்தேன்.

அதன் பிறகு பாலத்துக்கு முந்தைய சிக்னலில் நின்றபோது சிறப்பு மருத்துவர் கூப்பிட்டான். அண்ணன் என் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தார். அப்போது நடந்த பேச்சு வருமாறு. நான்: "மாப்பிள்ளைக்கு மயக்க ஊசி போட்டாச்சு. பின்சீட்டுல கிடக்கான், சத்தமே இல்லை." அவன்: "அப்படியே கொண்டு வா. டேபிள், ஆளுங்க எல்லாம் ரெடி. வந்ததும் முடிச்சுடலாம்." நான்: "ஜாக்கிரதை, நெஞ்சு வீக்கான ஆளு." அவன்: "அரை மணி நேரம் தாயே, சத்தமில்லாம முடிச்சுடறேன்." பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற ஹெல்மெட்காரர் என்னையே வெறித்துப் பார்த்தார். பச்சை விழுந்தும் அவர் நகரவில்லை. புகார் கொடுத்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் நானே புகார் கொடுத்திருப்பேன். (வாக்குமூலம் கொடுப்பவர் இந்த இடத்தில் சிரித்தார்.)

அதன் பிறகு பாலத்தின் மறுமுனையில் காவல்துறை ஜீப் குறுக்கே நின்றது. இப்போது இந்த வாக்குமூலத்தை எழுதுகிற உதவி ஆய்வாளர் அம்மாதான் இறங்கிவந்து பின்கதவைத் திறந்து, மாப்பிள்ளை எங்கே என்று அதட்டினார். டெய்லர் அண்ணன் கூடையின் துணியை விலக்கி, "இவர்தாங்க" என்றார். ஆய்வாளர் அம்மா கூடையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், அண்ணனின் வெறுங்காலைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் ஜீப்பில் ஏறிச் சைரன் போட்டுக்கொண்டு முன்னால் போனார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாகக் கார் ஓட்டியதில்லை.

மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர் வழக்கமாகப் பூனைகளுக்குக் கொடுக்கும் மயக்க மருந்தை எடுத்து வைத்திருந்தான். அந்த மருந்து வேண்டாம் என்று நான் தடுத்தேன். மாப்பிள்ளையின் இதயத்தில், துடிப்போடு சேர்ந்து கேட்கிற ஒரு கோளாறான இரைச்சல் உண்டு, முன்பு பல் சுத்தம் செய்தபோது அதே மருந்தில் நாடி இறங்கி, அவன் கண் விழிப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. சிறப்பு மருத்துவர் வாதாடவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு மருந்தை மாற்றினான். அதன் பிறகு குழாயை உள்ளே விட்டு, நான் நாடியைச் சொல்லிக்கொண்டே இருக்க, நாக்கில் சுற்றியிருந்த நூலை விடுவித்து, ஊசியைக் கொஞ்சம் கீழே தள்ளி, குத்தியிருந்த முனையை விடுவித்து, திருப்பி, ஊசியின் காதைப் பிடித்து நூலோடு வெளியே எடுத்தான். திரையில் ஊசி மின்னியபோது நாங்கள் இரண்டு பேரும் பரீட்சையில் தேறிய பிள்ளைகள் மாதிரி கத்தினோம். "நீ மட்டும் இரைச்சலைச் சொல்லாம விட்டிருந்தா…" என்றான். "உன் குழாய் இல்லேன்னா என் இரைச்சலை வச்சு என்ன பண்றது?" என்றேன். நாங்கள் சண்டை போடாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்தபோது டெய்லர் அண்ணனுக்கு ஒரு பக்கம், எங்கள் பின்னாலேயே வந்துவிட்ட ஹெல்மெட்காரரும் மறுபக்கம் ஆய்வாளர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "டாக்டர், மாப்பிள்ளையை முடிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது. ஹெல்மெட்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நேரத்தில் அண்ணனின் பெண்கள் இரண்டு பேரும் ஒரே அழைப்பில் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே தகவல் போயிருந்தது. அண்ணன் போனை எடுத்ததும், "பிழைச்சுட்டாம்மா, உங்க மாப்பிள்ளை நல்லா இருக்கான்" என்றார். எதிர்ப்பக்கம் பெரியவள், "அது இருக்கட்டும்ப்பா. நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். அண்ணன் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானா?" என்று கேட்டார்.

கடத்தப்பட்டதாகச் சொல்லப்படுபவர் நேரில் வந்தால்தான் புகாரை முடிக்க முடியும் என்பதால், இன்று அண்ணன் அவனைக் கூடையில் கொண்டுவந்திருக்கிறார். கூட இரண்டு பெண்களும் வந்திருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை படுத்துவிட்டான்.

(ஒப்பம்)

குறிப்பு: மாப்பிள்ளை தானாக எழுந்திருக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு மேற்படி கையெழுத்து பெறப்பட்டது. — உதவி ஆய்வாளர்