நான்கு மணி நேர இடைவெளி

எங்கள் ஆய்வு நிலையத்தில் எல்லா நாற்காலிகளும் ஆடும். என்னுடையது மட்டும் ஆடாது. காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். வேலையில் நான் அப்படிப்பட்ட ஆள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், ஐயா. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

காட்டை ஒட்டி ஊர். யானையும் மனிதரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல் பிழைத்துக் கிடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நிலையத்துப் பேராசிரியரின் ஆராய்ச்சி. கூட்டத்தின் தலைவியான யானைக்குக் கழுத்தில் ஒரு பட்டை. நாங்கள் அவளைப் பெரியம்மா என்போம். அவள் நிற்கும் இடத்தைப் பட்டை செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். என் கணினித் திரையில் ஒரு புள்ளி விழும். புள்ளி சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் ஊரார் அத்தனை பேரின் செல்பேசிக்கும் நான் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். எட்டு வருஷமாக இதுதான் என் வேலை.

முதலில் மணிக்கொரு புள்ளி வந்துகொண்டிருந்தது. பேராசிரியர் அதை நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாக மாற்றினார். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் பட்டையை மாற்ற மறுபடி மயக்க ஊசி போட வேண்டும், குட்டியோடு இருப்பவளுக்கு அது ஆபத்து என்றார். நியாயம்தான். யானைக்கு நியாயம்.

போன வருஷம் ஒரு நாள், ஆறு மணிப் புள்ளிக்கும் பத்து மணிப் புள்ளிக்கும் நடுவில், என் மனைவி தையல் கம்பெனிக்குப் போக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஏழே முக்காலுக்குப் பெரியம்மா அதே சாலையைக் கடந்தாள். சாப்பாட்டு டப்பா மட்டும் நசுங்காமல் கிடைத்தது.

பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். என் மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதார். "இடைவெளிதான் காரணம், அந்த முடிவு என்னுடையது" என்று அறிக்கையில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊரே திரண்டு வந்து திட்டியபோதும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். செய்தவரே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அவர் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு மாதம் அந்த எரிச்சலோடுதான் தினமும் வணக்கம் சொன்னேன். யானைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதற்கு என்ன தெரியும், பாவம்.

புல்வெளிக்குள் வைத்திருக்கும் கேமராக்களைப் பார்க்க அவர் தனியாகத்தான் போவார். கூட ஆள் வந்தால் மிருகங்களுக்குத் தொந்தரவு என்பார். ஆளுயரப் புல்லில் காலை வைக்கும் முன் என்னைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவரே போட்ட விதி. நீங்கள் கேட்கிற அந்த நாளில் ஒன்பது மணிக்கே நான் பட்டைக்கு ஒரு கட்டளை அனுப்பியிருந்தேன்: பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி.

பத்தே முக்காலுக்கு வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார்.

"பெரியம்மா எங்கப்பா இருக்காங்க?"

"பத்து மணிப் புள்ளி ஆத்துக்கு அந்தப் பக்கம், சார்."

"அப்ப உள்ள போலாம்ல?"

"தாராளமா போங்க, சார்."

நான் பொய் சொல்லவில்லை. பத்து மணிக்கு அவள் அக்கரையில்தான் நின்றாள். பத்து நாற்பதுக்கு அவர் போகிற கேமராவின் பக்கத்திலேயே, குட்டியோடு நின்றாள். அந்தப் புள்ளியை அவர் கேட்கவில்லை.

கருவியை மேஜைமேல் வைத்துக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தணிந்து வந்தது.

"முன்னாடியே நிக்குதுப்பா. எந்தப் பக்கம் போகட்டும்?"

நான் பட்டனை அழுத்தவில்லை. இரண்டாவது முறை அவர் கேட்கவில்லை. பிறகு பட்டையைப் பழையபடி நான்கு மணி நேரத்துக்கே மாற்றிவிட்டேன். பேட்டரி வீணாகக் கூடாது இல்லையா. அந்தக் கட்டளைகள் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். மறைக்க நினைக்கவில்லை. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் நீட்டுகிற இந்த இன்னொரு தாளா? ஆமாம், இது என் மனைவி இறந்த நாளின் ஆறு மணிப் புள்ளி. சாலையிலிருந்து அறுநூறு மீட்டர். பார்த்தேன். அதற்கு முந்தைய மூன்று நாளும் நான் எச்சரிக்கை அனுப்பி, யானை எட்டிக்கூடப் பார்க்காமல் போகவே, ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. "உங்க மெசேஜ இப்ப யாருமே படிக்கறதில்ல, தெரியுமா?" என்று முந்தின மாலை என் மனைவியும் கேலி செய்தாள். எனக்குச் சுருக்கென்றது. அதனால் அடுத்த புள்ளியும் வரட்டும், உறுதியானதும் அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன்.

பேராசிரியரும் மறுநாள் இந்தப் புள்ளியைப் பார்த்தார். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்பா. அறிக்கைய நான் எழுதிக்கறேன்" என்றார். அப்படித்தான் எழுதினார்.

அடுத்த புள்ளி ஏழு மணிக்கே வந்திருந்தால் கட்டாயம் அனுப்பியிருப்பேன், ஐயா. அதைப் பத்து மணிக்குத் தள்ளி வைத்தது யார், நீங்களே சொல்லுங்கள்.